ஒன்பதாம் தேதி முதல்

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நான் சொல்வதை எழுதுகிற உங்கள் வாக்குமூலத் தாளின் மேலே பன்னிரண்டாம் தேதி என்று போட்டிருக்கிறீர்கள். இன்று பதின்மூன்று. நேற்று யாருக்கோ எழுதிய தாளையே நகலெடுத்திருப்பீர்கள் போலிருக்கிறது. பரவாயில்லை, எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான். அடித்து எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பிற்பாடு யாராவது கிளறினால் உங்களுக்குத்தான் தலைவலி.

தப்பாக நினைக்காதீர்கள். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள் நான். ஒரு ஆள் எந்தத் தேதியில் வந்தார், எந்தத் தேதியில் போனார், அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டும். நடுவில் நடப்பதில் நாங்கள் மூக்கை நுழைப்பதில்லை. அந்த இருபத்தாறு வருடத்தில் என் கையால் ஒரு தேதிகூடத் தவறியதில்லை. என் மேலதிகாரிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. நான் விருப்ப ஓய்வு வாங்கிய அன்று அவரே எழுந்து நின்று அதைச் சொன்னார். என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல அவருக்கு வேறு எதுவும் கிடைத்திருக்காது.

ஓய்வு வாங்கியது தம்பிக்காக. அம்மா போன பிறகு அவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. முப்பத்தெட்டு வயது அவனுக்கு, என்னைவிடப் பதினொரு வயது சின்னவன். ஆனால் வீட்டில் அவன் பெயர் பெரியவர். பிறந்தபோதே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ புகார் கொடுக்க வந்தவர் மாதிரி இருந்தானாம். அப்பா வைத்த பட்டம் அது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவனுக்கு இருக்கும் நோயின் பெயரை டாக்டர்களே தாளைப் பார்த்துத்தான் படிப்பார்கள். மரபணுவில் ஏதோ ஓரிடத்தில் சின்னப் பிசகு. உடம்பு வளரும், புத்தி நாலு வயதோடு நின்றுவிடும். நாட்டிலேயே பதினொரு பேருக்குத்தான் இருக்கிறது என்றார்கள். பெரியவருக்குத் தெரிந்த வார்த்தைகள் ஒரு முப்பது இருக்கும். சாப்பிடுவான், சிரிப்பான், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வருவான். காலையில் குளித்ததும் சட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து நிற்பான். ஏழு பொத்தான். நாற்பது வினாடி. முப்பது வருடத்துக்கு மேலாக என் நாள் அப்படித்தான் ஆரம்பித்தது. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டாலும் அந்த நாற்பது வினாடியை நான் அம்மாவிடம் விட்டதில்லை.

அந்தப் பதினொரு பேருக்கும் சேர்த்துத்தான் இந்த மருந்துச் சோதனை வந்தது. மஞ்சள் நிற மாத்திரை, காலையில் ஒன்று. மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தம் எடுப்பார்கள், மீதி மாத்திரையை எண்ணுவார்கள். பிறகு ஒருவர் மரக்கட்டைகளையும் படங்களையும் பரப்பி வைத்துக்கொண்டு பரீட்சை வைப்பார். பெரியவர் அவரைக் கட்டைக்காரர் என்பான். பதில் சரியா தப்பா என்று முகத்தில் காட்டக் கூடாது என்பது கட்டைக்காரருக்கு விதி. அதனால் உம்மென்று இருப்பார். பெரியவரோ அவருக்கு ஏதோ துக்கம் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் கட்டையைத் தொடுவான்.

வீட்டில் இருப்பவர்கள் தினமும் எழுத ஒரு நோட்டும் கொடுத்தார்கள். என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், புதிதாக என்ன செய்தார். மற்றவர்கள் பாவம், வருவதற்கு முதல் நாள் உட்கார்ந்து மாதம் முழுவதையும் ஒரே பேனாவில் எழுதிக்கொண்டு வருவார்கள். என் நோட்டைத்தான் நர்ஸ் எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார். "நோட்டுன்னா இப்படி இருக்கணும்" என்பார். எனக்கும் கொஞ்சம் தலைக்கேறியது, அதை ஒத்துக்கொள்கிறேன். பட்டாணியின் அப்பாவுக்கு நான்தான் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். பட்டாணி என்பது ஒன்பது வயதுப் பெண், பதினொரு பேரில் கடைசி. அவள் அப்பா பேருந்து ஓட்டுகிறவர். சாலையில் அத்தனை பெரிய வண்டியைத் திருப்புகிறவருக்கு ஒரு வரி எழுதக் கை நடுங்கும்.

மருந்து வேலை செய்தது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம், நான் கண்ணால் பார்த்தேன். மூன்றாம் மாதம் பெரியவர் வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக வைத்தான். ஐந்தாம் மாதம் ஏழு கட்டைகளை அடுக்கினான். கட்டைக்காரர் விதியை மறந்து லேசாகச் சிரித்துவிட்டு, உடனே இருமிச் சமாளித்தார். ஏழாம் மாதம் ஒரு காலை, சட்டையோடு என்னிடம் வராமல் கட்டிலில் உட்கார்ந்தான். கீழ்ப் பொத்தானில் ஆரம்பித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினான். ஏழு பொத்தானுக்கும் பதினொரு நிமிடம் ஆனது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த காலைகளில் என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு கேள்விகள் வந்தன. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எனக்கு எத்தன வயசு?"

"முப்பத்தெட்டு."

"உனக்கு?"

"நாப்பத்தொம்பது."

விரலை மடக்கிப் பார்த்தான். நாற்பத்தொன்பதுக்கு விரல் போதவில்லை.

"நீ ஏன் கல்யாணம் பண்ணிக்கல? என்னாலயா?"

இல்லை என்றேன். எனக்கு யாரையும் பிடிக்கவில்லை என்றேன். அவன் நம்பினான். நான் எதைச் சொன்னாலும் நம்புவான். ஆனால் அன்று மதியம் முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு கேள்வியை அவன் கேட்டிருக்க வேண்டாம். நாலு வயதுக் குழந்தைக்கு அந்தப் பாரம் தெரியாது. மருந்து அவனுக்குப் புத்தியைக் கொடுத்ததா, துக்கத்தைக் கொடுத்ததா என்று நீங்களே சொல்லுங்கள்.

இடையில் அவனுக்கு வேலை ஒன்று வந்தது. அதைப் பெரிதாக எழுத வேண்டியதில்லை. மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிற வேலை. பக்கத்திலேயே ஒரு வீட்டில் அவனைப் போன்றவர்கள் நாலு பேர் தங்கியிருக்கிறார்கள், ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். படிவம் அனுப்பினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அவ்வளவுதான்.

நான் மருந்தை நிறுத்தியதற்குக் காரணம் அது இல்லை. ஒரு நாள் காலையில் அறைக்குள் போனபோது பெரியவர் கண்ணாடி முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தான். விழுந்தாலோ பசித்தாலோ அழுகிற அழுகை இல்லை. சத்தமே இல்லாமல், பெரிய மனிதர்கள் அழுவது போல அழுதான். தான் யார், தன் வாழ்க்கையில் எது எது இல்லாமல் போனது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடம் சிரித்துக்கொண்டிருந்தவன். அதைப் பார்த்துக்கொண்டு எந்த அக்கா சும்மா இருப்பாள்? நான் நிறுத்தினேன்.

செய்த விதத்தைக் கேட்டீர்கள். எளிதுதான். காலையில் பாட்டிலிலிருந்து ஒரு மாத்திரை எடுத்து, சமையலறை அலமாரியில் ஒரு தகர டப்பாவில் போட்டுவிடுவேன். பாட்டிலில் எண்ணிக்கை சரியாகக் குறையும். அவனுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் சத்து மாத்திரை. அதே மஞ்சள், கொஞ்சம் பெரியது. முதல் நாள் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தான்.

"இது வேற, அக்கா."

"அதேதான், போடு."

போட்டுக்கொண்டான்.

மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய மூன்று நாள் மட்டும் நிஜ மாத்திரை கொடுப்பேன். ரத்தத்தில் மருந்து தெரிய வேண்டுமே. நோட்டிலும் நான் பொய் எழுதவில்லை, எடுத்துப் பாருங்கள். "காலை மாத்திரை கொடுத்தேன்" என்றுதான் இருக்கும். எந்த மாத்திரை என்று கேட்க அதில் கட்டம் இல்லை.

பரீட்சையில் அவன் இறங்க ஆரம்பித்தான். ஏழு கட்டை ஐந்தானது, ஐந்து மூன்றானது. ரத்தத்தில் மருந்து இருக்கிறது, மூளையில் பலன் இல்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு இந்த மருந்து வேலை செய்யாதோ என்று பெரிய டாக்டர் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவை போனபோது நடைபாதையில், கட்டைக்காரரின் அறை வாசலிலேயே, பெரியவருக்கு வலிப்பு வந்தது. நான்கு நிமிடம் பத்து வினாடி. நோட்டில் எழுதியிருக்கிறேன். கட்டைக்காரர் ஓடி வந்து அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வலிப்பு.

இந்த மருந்தை விட்டு விட்டுக் கொடுத்தால் வலிப்பு வரலாம் என்று முதல் நாள் கொடுத்த காகிதத்தில் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. படித்திருந்தேன். நான் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. வரலாம் என்றுதான் போட்டிருந்தது, வரும் என்று போடவில்லை.

முதல் வலிப்பிலேயே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது சொன்னால் அவனை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வலிப்பு வருகிறவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?

மூன்றாவது வலிப்புக்குப் பிறகு எல்லாக் குடும்பங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சோதனை நின்றுவிட்டது என்றார் பெரிய டாக்டர். நூறு பேரில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் அது நூற்றில் ஒன்று. பதினொரு பேரில் ஒருவருக்கு வந்தால் நூற்றுக்கு ஒன்பது. நானே மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. பலனும் நிலைக்கவில்லை, வலிப்பும் வருகிறது என்றால் யார் பணம் போடுவார்கள்? பதினொரு பேருக்காக ஒரு ஆலை ஓடாது.

பட்டாணியின் அப்பா எழுந்து நின்றார். வேலைக்குப் போகிற சட்டையிலேயே வந்திருந்தார்.

"டாக்டர், என் பொண்ணுக்கு நல்லாத்தான இருக்கு? நேத்து என்னப் பாத்து 'அப்பா, பஸ்ஸு பெருசு'ன்னா. மூணு வார்த்த டாக்டர். அவளுக்கு மட்டுமாவது குடுங்களேன்."

"மருந்தே இனிமே வராதுங்க" என்றார் டாக்டர். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டாணியின் அப்பா ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைத் தடவிக்கொடுத்தார்.

"எங்களுக்கெல்லாம் வந்தது போச்சு, அவ்வளவுதான். உங்களுக்குத்தான் அக்கா பெரிய அடி. தம்பிய இப்படிப் பாக்கவே முடியல."

பழத்தை வாங்கி வைத்தேன். பெரியவருக்கு உரித்துக் கொடுத்தேன். நன்றாகவே இருந்தது, இனிப்பு.

அவர் அதற்குப் பிறகும் போன் செய்துகொண்டிருந்தார். நோட்டை வாங்கிப் பார்க்க ஆள் இல்லை என்று தெரிந்தும் எழுதுவதை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்து வந்த பழக்கமாம். ஒருநாள் கேட்டார்.

"அக்கா, ரெண்டு நாளா அவ பஸ்ஸுன்னு சொல்லல. எப்படி எழுதறது?"

"சொல்லவில்லைன்னு மட்டும் எழுதுங்க. தேதி போட மறந்துடாதீங்க."

அப்புறம் 'அப்பா'வும் போய்விட்டது. அதையும் தேதியோடு எழுதியிருப்பார். எனக்கு அந்தக் குழந்தையை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கல் நெஞ்சுக்காரி என்று உங்கள் கண் சொல்கிறது, அது சரியில்லை. நான் அவளுக்கு ஒரு கெடுதலும் நினைத்ததில்லை. நான் என் வீட்டு அலமாரியில் என் தம்பியின் மாத்திரையை வைத்தேன். அவள் வீட்டுக்கு நான் போனதுகூட இல்லை.

மருந்தகத்து அம்மாள் போன மாதம்தான் வந்தார். திரும்பி வரும் பாட்டில்களை எண்ணுகிறவர். குடிக்கக் கொடுத்த தண்ணீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"எல்லார் வீட்லயும் மாத்திர ஒண்ணு ரெண்டு உருண்டு ஓடிடும்மா. கட்டிலுக்கு அடியில போகும், குழாயில போகும். உங்க வீட்ல மட்டும் ஒண்ணுகூட ஓடல. உங்கள நான் எத்தன பேர்கிட்ட பெருமையா சொல்லியிருக்கேன் தெரியுமா?"

"நான் கவனமா இருப்பேன்" என்றேன்.

பிறகு ரத்தத்தைப் பற்றிச் சொன்னார். மாதாமாதம் எடுத்ததை உறைய வைத்து, முழு விவரத்தையும் கடைசியில்தான் பார்ப்பார்களாம். மூன்று நாள் மாத்திரை போட்டவனின் ரத்தமும் மூன்று மாதம் போட்டவனின் ரத்தமும் ஒன்று போல இருக்காதாம். அது எனக்குத் தெரியாது. நான் பதிவாளர், டாக்டர் இல்லை.

கொடுக்காத மாத்திரையெல்லாம் எங்கே என்று அவர் கேட்டார், நான் அந்தத் தகர டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். கேட்டால் பதில் சொல்வது என் வழக்கம். சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எங்கள் வீட்டில் எல்லா டப்பாவுக்கும் மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், எப்போது நிரப்பியது என்று. இதற்கும் ஒட்டியிருந்தேன். உள்ளே நூற்றுத் தொண்ணூற்றொரு மாத்திரை. அந்த அம்மாள் எண்ணவில்லை, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான்தான் எண்ணிச் சொன்னேன்.

ஆக, கேட்டதெல்லாம் சொல்லிவிட்டேன். மாத்திரையை மாற்றியது நான். மூன்று நாள் கொடுத்து ஏமாற்றியது நான். வலிப்பு வந்த பிறகும் நிறுத்தாமல் தொடர்ந்தது நான். மற்ற பத்துப் பேருக்கு மருந்து இல்லாமல் போனதும் என்னால் என்று நீங்கள் எழுதினால் நான் மறுக்கப்போவதில்லை. பெரியவரை மருத்துவமனையில் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். இப்போது அவனுக்குப் பத்து வார்த்தைகூட இல்லை, அங்கே இருப்பவர்கள் கேட்டுக் கேட்டுப் பார்ப்பார்கள். காலையில் சட்டையை நீட்டினால் அவனைத் திட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். நாற்பது வினாடி வேலை. வெளியே பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பது பட்டாணியின் அப்பா என்று வரும்போதே தெரிந்தது. அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் என் நோட்டையே புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். படியுங்கள், என் கையெழுத்து தெளிவாக இருக்கும்.

ஆமாம், எட்டாம் தேதி நான் எழுதியதுதான். "சலவைக்கூடத்துப் படிவம் வந்தது. தம்பி பத்து நிமிடம் பேசினான். 'அக்கா, நான் அங்க போறேன். நான் மடிப்பேன். நீ உன் வேலையப் பாரு அக்கா, ஊரெல்லாம் பாரு' என்றான். என் கன்னத்தைத் தட்டினான்." ஆமாம், சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு என்ன வேலை இருக்கிறது பார்க்க? அவன் போய்விட்டால் நான் காலையில் எழுந்து எந்தப் பொத்தானைப் போடுவது? அதெல்லாம் அவனுக்குத் தெரியாது. போகட்டும்.

இருபத்திநாலாம் தேதியையும் படிக்கிறீர்கள். "காலை ஏழரை. கண்ணாடி முன்னால் சட்டையோடு அரை மணி நேரம் நின்றான். மூன்று பொத்தான் போட்டான். நாலாவது வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்றான். அழுதான்." ஆமாம், இந்த அழுகையைத்தான் சொன்னேன். வேறு அழுகை இல்லை.

டப்பாவின் மூடியை எதற்கு நோட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறீர்கள்? அதில் இருப்பது எனக்குத் தெரியும், என் கைதான். "ஒன்பதாம் தேதி முதல்." அதே மாதம்தான். அழுததால் நிறுத்தினேன் என்கிறேன், ஆனால் நிறுத்திப் பதினைந்து நாள் கழித்துத்தான் அழுதிருக்கிறான், போடத் தெரிந்த பொத்தான் கையை விட்டுப் போனதால் அழுதிருக்கிறான் என்கிறீர்கள்.

கொஞ்சம் இருங்கள். நான் யோசித்துச் சொல்கிறேன்.

இல்லை. அவன் அழுதான், அதனால் நிறுத்தினேன். அதில் மாற்றம் இல்லை. மூடியில் தேதியைத் தவறாக எழுதியிருப்பேன். ஒன்பதை அடித்துவிட்டு இருபத்தைந்து என்று போடுங்கள், பக்கத்தில் நான் சின்னதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.